வாய் திறக்காத வீராங்கனை

இரண்டு கட்டை வண்டிகளை மாடு அவிழ்த்து ஒட்டி நிறுத்தி, மேலே பலகை பரப்பினால் அதுதான் மேடை. நகரி கடைத்தெருவில் அன்று அப்படி ஒரு மேடை போட்டிருந்தார்கள். அதன் நடுவில் என்னை நிற்க வைத்திருந்தார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும். கழுத்தில் கதம்ப மாலை. என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஈரத்தில் நனைத்துக் கட்டிய மாலை, பாவாடையெல்லாம் சொட்டியது.

மதராஸிலிருந்து வந்திருந்த பேச்சாளர் என் தோளில் கை வைத்துக்கொண்டு மைக்கில் பேசினார். "தெலுங்கிலே ஓர் எழுத்தைக்கூடச் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்ட வீராங்கனை இதோ நிற்கிறாள்! அடித்தார்கள். திறக்கவில்லை. மிரட்டினார்கள். திறக்கவில்லை!"

கூட்டம் கை தட்டியது. மேடைக்குக் கீழே நின்றிருந்த என் அப்பா, நைனா, எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

"இந்தச் சின்னஞ்சிறு வாயாலே 'தமிழ் வாழ்க' என்று ஒரு தடவை சொல்லட்டும்!"

மைக்கை என் முகத்துக்கு இறக்கினார்கள். நான் திறக்கவில்லை. நைனா கீழே இருந்து, "சொல்லு பாப்பா, சொல்லு" என்று கையை ஆட்டினார். நான் உதட்டை இன்னும் இறுக்கினேன்.

பேச்சாளர் சிரித்தார். "இனிப்பு கொடுத்தால்தான் திறக்கும் போலிருக்கிறது." யாரோ தட்டில் கற்கண்டு நீட்டினார்கள். அவர் செல்லமாக என் இடது கன்னத்தைக் கிள்ளினார். உயிர் போகிற வலியில் என் வாய் தானாகத் திறந்தது. ஒரு பெரிய கட்டியை எடுத்து உள்ளே போட்டுவிட்டார்.

இந்தத் தொடரில் இதுவரை நைனாவைப் பற்றிப் பெருமையாகவே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் அப்படி எழுத வரவில்லை. போன வாரம் வெளியான என் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்துவிட்டு, பத்திரிகையிலிருந்து பேசிய பெண், "உதட்டை ஏம்மா அவ்வளவு இறுக்கி வச்சிருக்கீங்க? போட்டோக்காரர் மேல கோபமா?" என்று கேட்டாள். கோபம் இல்லை. வெட்கம்.

வெல்லம் காய்ச்சுகிற வீடு

எங்களுக்குக் கரும்பு நிலம். பொங்கலுக்கு முன்னும் பின்னும் கரும்பாலை ஓடும். மாடுகள் சுற்றிச் சுற்றி வரும். கொப்பரையில் சாறு கொதிக்கிற வாசனை எங்கள் துணியிலும் தலைமுடியிலும் பல நாள் நிற்கும்.

அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு பெயருக்குத்தான். காலையில் கரும்பு. மதியம் கொப்பரை ஓரத்தில் சுரண்டிய பாகு. அது இளஞ்சூட்டில் இழுக்க இழுக்க வரும், கடைவாயில் அப்பிக்கொள்ளும். நாக்கால் துழாவித் துழாவி அதைக் கரைப்பதே ஒரு விளையாட்டு. வாயில் கடைசித் துண்டு இருக்கும்போதே தூங்கிப்போவேன்.

பல் விளக்குவது காலையில் மட்டும். உமிக்கரி, இல்லாவிட்டால் அடுப்புச் சாம்பல். முன்பல்லை மட்டும் விரலால் நாலு தேய்ப்பு. இரவில் வாய் கொப்பளிப்பது என்று ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது.

தம்பி துரை அப்போது கைக்குழந்தை தாண்டிய வயது. அம்மாவுக்குக் கொப்பரை அடியில் வேலை. அவன் அழாமல் இருக்க, மெல்லிய துணியில் வெல்லத்தை முடிந்து அவன் வாயில் வைத்துவிடுவாள். அதைச் சப்பிக்கொண்டே கிடப்பான். அவனுடைய மேல் முன்பற்கள் முளைத்த கொஞ்ச நாளிலேயே கறுத்துக் கரைந்து, ஈறோடு குச்சி குச்சியாக நின்றன. பார்த்தவர்கள், "எறும்பு துன்னுட்ச்சிபோல கீது" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அம்மாவும் கூடச் சிரிப்பாள்.

எனக்கு இடது கீழ்க் கடைவாயில் ஒரு பல்லில் முதலில் கறுப்பாய் ஒரு புள்ளி. பிறகு குழி. குழியில் எது போய் உட்கார்ந்தாலும் வலி. ஒருநாள் அம்மாவிடம் காட்டினேன்.

"பால் பல்லு தானே. வுழுந்துட்டு வேற மொளைக்கும்" என்று ஒரு கிராம்பை எடுத்து அழுத்தி வைத்தாள்.

வலித்தால் நானே கிராம்பு எடுத்து வைத்துக்கொள்ளப் பழகினேன். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பல்லில் இருக்கும் புழு விழும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிடித்தேன். புழு எதுவும் விழவில்லை. தொண்டை கமறியதுதான் மிச்சம்.

வலியையாவது தாங்கலாம். ஆனால் ஒருநாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சரோஜா மூக்கைச் சுளித்தாள். "ஒன் வாய்ல இன்னா செத்துகீது?" என்று கேட்டுவிட்டுப் பலகையின் மறு ஓரத்துக்கு நகர்ந்துபோனாள். அவள்தான் என் ஒரே சிநேகிதி. அன்றிலிருந்து நான் வாய் பேசுவதையே நிறுத்திக்கொண்டேன்.

உள்ளங்கையில் ஊத வேண்டிய எழுத்துகள்

அது எங்கள் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்த புதிது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுக்க நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ராகவய்யா பந்துலு என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. வெற்றிலை போடுவார், சுத்தமாக வேட்டி கட்டுவார். பாடத்தில் மட்டும் பிடிவாதம்.

தமிழில் 'க' ஒன்றுதான். தெலுங்கில் அதற்கு நாலு. அதில் இரண்டை மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். எங்கள் நாக்குக்கு அது வராது. அதனால் பந்துலு ஒரு வழி வைத்திருந்தார். தன் உள்ளங்கையைப் பிள்ளையின் வாய்க்கு நேரே கிட்டத்தில் பிடிப்பார். "ஊதி செப்பு" என்பார். மூச்சு அவர் கையில் படவேண்டும். பட்டால் "பேஷ்" என்று அடுத்த பிள்ளைக்கு நகர்வார்.

வரிசையில் அந்தக் கை என்னை நோக்கி வர வர எனக்கு வேர்த்துக் கொட்டும். சரோஜாவே நகர்ந்துபோன மூச்சு. அதை எப்படி ஒரு வாத்தியார் கையில் ஊதுவது? கையில் ஊதினால் அவர் அதை முகர்ந்து பார்ப்பார் என்றே நான் நம்பினேன்.

"செப்பம்மா."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"செப்பு."

தலையை ஆட்டினேன். அடிக்குச்சியால் விரல் முட்டியில் போட்டார். கண்ணீர் வந்தது, வாய் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் என்னைப் பெரிய வாத்தியார் அறைக்கு அழைத்துப் போய் நிறுத்தினார். அவர் நைனாவுக்கு ஆள் அனுப்பினார்.

நைனாவின் சபதம்

நைனாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. சித்தூர் வெல்ல மண்டியில் எல்லாப் பேரமும் தெலுங்கில்தான். என் சின்ன வயதில் அவர் தூக்கத்தில் உளறுவதுகூடத் தெலுங்கில்தான் இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

எல்லைத் தகராறு வந்த பிறகு எல்லாம் மாறியது. நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கூட்டங்கள் நடந்தன. நைனா அந்தக் கூட்டங்களுக்கு வண்டி கொடுப்பார், விளக்கு கட்டுவார், தண்டோரா போட ஆள் பிடிப்பார். எல்லை தீருகிறவரை தெலுங்கு பேசுவதில்லை என்று ஊர் நடுவில் சபதமும் போட்டுவிட்டார். மண்டிக்குப் போகும்போது தன் மச்சானைக் கூட அழைத்துப் போவார். இவர் தமிழில் சொல்ல, மாமா அதைத் தெலுங்கில் சொல்ல, இவருக்குத் தெலுங்கு தெரியும் என்று தெரிந்த மண்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம்.

அப்படிப்பட்ட மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். பெரிய வாத்தியார் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

நைனா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஏன் பாப்பா, தெலுங்கு சொல்ல மாட்டேன்னியா?"

ஆட்டினேன்.

"அடிச்சாங்கோ, அப்பவும் சொல்லலியா?"

மறுபடியும் ஆமென்று தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கடைத்தெரு வழியாகவே நடந்தார். "எம் பொண்ணு தெலுங்கு பேச மாட்டேன்னுட்டாளாம்!" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தோள்மேல் இருந்ததால் என் மூச்சு அவர் முகத்தில் படவில்லை.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நாறும் வாய்க்காரி என்பதைவிட வீராங்கனை என்பது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதோடு, அதற்குள் என் கன்னம் உள்ளுக்குள் கனக்கத் தொடங்கியிருந்தது. ஈறில் ஒரு கொப்புளம். நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். யாருக்கும் காட்டவில்லை.

மைக்கில் விழுந்தது

அந்தக் கன்னத்தைத்தான் பேச்சாளர் கிள்ளினார். அந்தப் பல்லின் மேல்தான் கற்கண்டு போய் உட்கார்ந்தது.

நான் அலறினேன். வாயை முழுசாகத் திறந்து, கற்கண்டும் எச்சிலும் ஒழுக, கொப்புளம் உடைந்து, மைக்குக்கு நேரே நின்று அலறினேன். குனிந்து என்னைப் பார்த்த பேச்சாளர் சட்டென்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். நைனாவைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்:

"என்னய்யா இது, குழந்தைக்கு வாயெல்லாம் அழுகிக் கிடக்குது? நீ பார்க்கிறதில்லையா?"

மைக் அதையும் எடுத்து, கடைத்தெருக் கோடி வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்தது.

பிறகு பின்னால் யாரோ சிரித்தார்கள். நைனா மேடையில் ஏறி மாலையோடு என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வீடு வரைக்கும் அப்படியே தூக்கி வந்தார். இப்போது என் மூச்சு அவர் கழுத்தில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. நான் முடிந்தவரை அதை அடக்கிக்கொண்டு வந்தேன்.

திருப்பதி

விடிந்தபோது இடது கண் மூடிக்கொள்கிற அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. உள்ளூர் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "சீழு எலும்புக்குப் போயிடப் போவுது. திருப்பதியில பல்லு டாக்டர் இருக்காரு, இன்னைக்கே இட்டுகினு போ" என்றார்.

பஸ்ஸில் நைனா மடியில் படுத்துக்கொண்டு போனேன். திருப்பதியில் இறங்கியதும் மொட்டை போட்ட தலைகளும் சந்தனமும் ஈரத் துணியுமாக ஜனங்கள். மலையைப் பார்த்து நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோவில் பக்கம் போகவில்லை. விசாரித்து விசாரித்து நேராக டாக்டர் வீட்டுக்குப் போனோம்.

தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டுகிற, பல்லைக் குடைகிற மிஷின் ஒன்று அங்கே இருந்தது. அதைப் பார்த்ததும் நான் நைனாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நைனா பேசிவிட்டார். "டாக்டர்காரு, பாப்பக்கு பாகா நொப்பி. சூடண்டி, கொஞ்செம் சூடண்டி."

சபதம் போட்டதிலிருந்து நான் அவர் வாயில் கேட்ட முதல் தெலுங்கு அது. குழந்தைக்கு ரொம்ப வலிக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்று கும்பிட்டுக்கொண்டு சொன்னார்.

டாக்டர் என்னை நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பினார். அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக வலி என்று நைனாவிடம் தெலுங்கில் கேட்டார்.

நைனா விழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்பலருந்து பாப்பா?"

"போன வருசம் வெல்லம் காச்சினப்போலருந்து" என்றேன்.

அதை அவர் டாக்டருக்குச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டருக்கு என் தமிழே புரிந்துவிட்டது.

"பால் பல்லுதானே, விழுந்துட்டு முளைக்கும்னு சொல்றாங்க..." என்று நைனா தெலுங்கில் இழுத்தார்.

"இதி பாலபன்னு காது" என்றார் டாக்டர். இது பால் பல் இல்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல். ஆயுசுக்கும் அது ஒன்றுதான். விழுந்தால் வேறு முளைக்காது. பெற்றவர்கள் பாதிப்பேர் இதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். புள்ளியாக இருந்தபோதே வந்திருந்தால் சுரண்டி அடைத்திருக்கலாம். இனிமேல் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

நைனா என் தலையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டும் வலித்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னவற்றை நைனா பாடம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். எதைத் தின்றாலும் வாய் கொப்பளிக்கவேண்டும். படுக்கும் முன் பல் தேய்க்கவேண்டும், பின்பற்களையும் சேர்த்து. நாள் முழுக்க இனிப்பு வாயில் ஊறக் கூடாது. குழந்தை வாயில் வெல்லத் துணி வைக்கவே கூடாது. வீட்டில் இன்னொரு குழந்தை உண்டா, அதன் பல் எப்படி என்று டாக்டர் கேட்டபோது, நைனா துரையைப் பற்றிச் சொன்னார். அப்போது அவர் குரல் எனக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னார். அம்மா துரையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து அவன் உதட்டை விலக்கிப் பார்த்தாள். எறும்பு தின்றதாகச் சிரித்த பற்கள். அன்று அவள் சிரிக்கவில்லை. கொடியில் காய்ந்த அந்த வெல்லத் துணியை எடுத்து அடுப்பில் போட்டாள்.

மறுபடியும் அதே வண்டிகள்

கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூட்டம். நைனா எப்போதும்போல வண்டிகளைக் கொடுத்தார். என்னைக் கீழே பெண்கள் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்கு அடுத்தாற்போல் சரோஜாவும் அவள் அம்மாவும்.

பேச்சாளர்கள் வருவதற்கு முன் நைனா மேடையில் ஏறினார். அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஒரு சமாச்சாரம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "எம் பொண்ணு வேதா தெலுங்கு பேசாதது தமிழுக்கோசரம் இல்ல. அதுக்குப் பல்லு அழுவிகினு இருந்திச்சி. வாய் நாத்தம் அடிக்குதுன்னு வெக்கப்பட்டுகினு தொறக்கல. தெனம் எம் பக்கத்துலதான் உக்காந்து சோறு துன்னிச்சி. எனக்குத் தெரில. நான் அத்த வண்டி மேல ஏத்தி மாலை போட்டேன். ஒங்க கொழந்தைங்க வாயத் தொறந்து பாருங்கோ. கடவாப் பல்லு பால் பல்லுன்னு வுட்றாதீங்கோ. அவ்ளோதான்."

கூட்டத்துக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா தோழர்களே! பல் அழுகி, முகம் வீங்கி, உயிர் துடித்தபோதும் அந்தக் குழந்தை தெலுங்கு பேசவில்லை!"

கை தட்டல் கடைத்தெருவை அடைத்தது. நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாருக்கும் கேட்கவில்லை. இறங்கி வந்துவிட்டார்.

அந்தப் பிரமுகர் சொன்ன கதையே ஊரில் நிலைத்துவிட்டது. பிறகு எல்லை தீர்ந்தது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கமே நின்றோம். என் கல்யாணப் பந்தியில்கூட ஒரு பெரியவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த வீரக் கதையைச் சொன்னார். பல் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

பந்துலுவுக்கும் விஷயம் எட்டியது. நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு எந்தப் பிள்ளையின் வாய்க்கு முன்னாலும் அவர் கையை நீட்டி நான் பார்க்கவில்லை.

ஆனால் அந்த இரண்டாவது கூட்டம் நடந்த அன்று எனக்கு நைனா மேல் கொலைவெறி. நான் ஒரு வருஷமாக உதட்டை இறுக்கிக் காப்பாற்றிய ஒன்றை அவர் மைக்கில் சொல்லிவிட்டார். 'நாத்தம்' என்ற சொல் காதிலேயே நின்றது. சரோஜாவின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. கூட்டத்தை விட்டு ஓடினேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் மடியில் விழுந்து அழுதேன். "ஊருக்கெல்லாம் சொல்ட்டாரும்மா. நாத்தம்னு மைக்ல சொல்ட்டாரு."

பின்னாலேயே நைனா வந்து வாசற்படியில் நின்றார். அம்மா என் தலைக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"தொரையப் பத்தியும் சொன்னியா?"

"இல்ல."

"வெல்லத் துணியப் பத்தி?"

"அத்த ஏன் சொல்றேன்."

என் முதுகில் இருந்த அம்மாவின் கை தளர்ந்தது. எனக்கு அது இன்னும் ஆத்திரமாக வந்தது. எழுந்து நின்று கத்தினேன். "அம்மாவுத மட்டும் மறைச்சிட்ட. என்னுத ஏன் சொன்ன?"

நைனா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மறைச்சி மறைச்சித்தானே பாப்பா, ஒனக்குப் பல்லே பூட்ச்சி."

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். விறகைத் தள்ளினாள். ஊதினாள். அப்புறம், எங்கள் இருவரையும் பார்க்காமலே சொன்னாள்:

"அப்டின்னா என்னுதையும் சொல்லிட்டு வந்திருக்கணும்."